ரூர்கேலாவில் ஏறுவாள்

அந்த இடத்தில் ஆள் இருக்கிறது, தம்பி. பாய்மேல் உட்கார்ந்துவிடாதீர்கள். அது சும்மா கிடக்கவில்லை, இடம் பிடித்துக்கொண்டு கிடக்கிறது. என் மனைவி ரூர்கேலாவில் ஏறுவாள்.

பகலில் மூன்று பேர் உட்காரலாம் என்று சட்டம் பேசாதீர்கள். அந்தச் சட்டம் எனக்கும் தெரியும். ராஞ்சியிலிருந்து பலபேர் பேசிவிட்டுப் போய்விட்டார்கள். 'அதுவரைக்கும் உட்காருகிறேன்' என்று உட்கார்ந்தவன் எழுந்து நான் பார்த்ததில்லை. தமிழ் ஆளாகப் போய்விட்டீர்கள், இந்த டிரங்குப் பெட்டியில் உட்காருங்கள். ஓரத்தில். நடுவில் உட்கார்ந்தால் மூடி நெளிந்துவிடும்.

திருச்செங்கோடா? போர்வெல் லாரியா? நினைத்தேன். சட்டையெல்லாம் பாறைத் தூள். எங்கள் விடுதியிலும் உங்கள் ஊர்க்காரர்கள் வந்து ஒரு துளை போட்டார்கள். இரும்புத் தண்ணீர் வந்தது. சோறு மஞ்சளாக வேகும். கேட்டால், 'தண்ணி வந்துச்சுங்களா இல்லீங்களா?' என்றார்கள். உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பீர்கள்.

நான் மிஷனெரி. ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? மிஷனெரி என்றால் வெள்ளைக்காரனாக இருக்க வேண்டுமா? நாசரேத்துக்குப் பக்கம் எனக்கு ஊர். எட்டாம் வகுப்புவரை படித்தேன். ஞானாபரணம் என்று பெயர். எங்கள் சங்கத்தார் அனுப்பி, பாஷை தெரியாத இந்தத் தேசத்துக்கு வந்து, பையன்களுக்கு விடுதி கட்டி, கிராமங்களுக்குச் சைக்கிள் மிதித்து, கிழவனாகித் திரும்புகிறேன். என் தமிழ் புத்தகம்போல இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். எனக்கே தெரியும். இத்தனை வருஷமாகத் தமிழில் பேச மனைவி ஒருத்தி, வாசிக்க வேதப்புத்தகம் ஒன்று. எப்சிபா அதிகம் பேசமாட்டாள். அதனால் தமிழ் புத்தகத்தின் பக்கம் சாய்ந்துவிட்டது.

எப்சிபா என்பதுதான் அவள் பெயர். என்னோடு ராஞ்சியிலேயே ஏறியிருக்க வேண்டியவள். கேந்துவாடி என்று ஒரு கிராமம், அங்கே போயிருக்கிறாள். அங்கிருந்து ரூர்கேலாவுக்கு ஜீப் உண்டு. நான் கவுண்டரில் வரிசையில் நின்று, அவள் ஏறும் இடத்தை ரூர்கேலா என்று மாற்றிவிட்டுத்தான் வந்தேன். இல்லாவிட்டால் டி.டி.ஆர். அவள் இடத்தை வேறு யாருக்காவது எழுதிக் கொடுத்துவிடுவார். உங்களைப்போல ஒருவருக்கு.

விடைபெறும் வாரம் என்று ஒன்று வைத்தார்கள், தம்பி. எதிரிக்கும் வரக்கூடாது. ஊழியம் செய்வது கஷ்டமே இல்லை, முடிப்பதுதான் கஷ்டம். ஒரு பக்கம் வீட்டைக் காலி செய். ஒரு பக்கம் கூட்டத்துக்கு வா. பாதிப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருக்கும்போது நாலு பேர் சால்வையோடு வாசலில் நிற்பார்கள். எல்லாச் சால்வையும் ஒரே கடை, ஒரே நிறம். பீரோவைக் கோணியில் சுற்றி, தைத்து, பெயிண்டால் பெயர் எழுதி பார்சலில் போட வேண்டும். ஜீப் மத்தியானத்துக்குமேல் கிடையாது என்று ஆபீஸில் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்காக இத்தனை வருஷம் உழைத்தவனுக்கு மத்தியானத்துக்குமேல் ஜீப் இல்லை.

என் இடத்துக்கு ஒரு பையனை அனுப்பியிருக்கிறார்கள். ஜெபின். மார்த்தாண்டத்துக்காரன். கிட்டார் வைத்திருக்கிறான். வந்து இறங்கினதும் என்னைப் பார்த்து, "அங்கிள், நீங்க ஒண்ணும் கவலைப்படண்டாம், நான் பார்த்துக்கிடுதேன்" என்றான். எதைப் பார்த்துக்கொள்வான்? குழாயை எத்தனை மணிக்குப் பூட்ட வேண்டும் என்று தெரியுமா? எண்ணெய் எந்தக் கரண்டியில் அளந்து ஊற்ற வேண்டும் என்று தெரியுமா? அந்தக் கரண்டியைக் காட்டினேன். சிரித்தான். வந்த அன்றைக்கே குழாயைத் திறந்து விட்டுவிட்டான். பையன்கள் கூத்தாடினார்கள். என் காலத்தில் அவர்கள் இப்படிச் சத்தம் போட்டதே இல்லை. அத்தனை ஒழுக்கம்.

எனக்குக் கூட்டத்தில் பேச வராது, தம்பி. சொல்வதற்கென்ன, நான் கூச்சக்காரன். பிரசங்கம்கூட தாளைப் பார்த்துத்தான் வாசிப்பேன். வாழ்த்திப் பேசினால் எங்கே பார்ப்பது என்று தெரியாது, நாற்காலிகளை எண்ணிக்கொண்டிருப்பேன். ஒன்றே ஒன்றில்தான் எனக்குக் குரல் வரும். அது ஏலம்.

சிரிக்காதீர்கள். எங்கள் ஊர்ச் சபையில் அறுப்பின் பண்டிகை வரும். ஒருவன் பூசணிக்காய் கொண்டு வருவான், ஒருத்தி கோழி கொண்டு வருவாள், ஒருவன் வாழைத்தார். எல்லாம் ஆண்டவருக்குக் காணிக்கை. ஆராதனை முடிந்ததும் வேப்பமரத்தடியில் வைத்து ஏலம் விடுவார்கள். ஒரு எலுமிச்சம்பழத்துக்கு இரண்டு அண்ணன் தம்பி போட்டி போட்டு ஏற்றிக்கொண்டே போவார்கள். சிலசமயம் ஒருவன் தான் கொண்டுவந்த கோழியைத் தானே ஏலத்தில் எடுத்துக்கொண்டு போவான். அதில் ஒரு பெருமை. அன்றைக்கு ஊரே சிரிக்கும். சின்ன வயதிலிருந்தே நான்தான் கூவுவேன். வாயே திறக்காத பயல் என்று பெயர் எடுத்தவன், 'ஒரு தரம்' என்று கூவினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

கேந்துவாடியில் நடந்ததும் அதுதான். வேறொன்றும் இல்லை. அதைத்தான் எப்சிபா பெரிதாக்கிக்கொண்டு போயிருக்கிறாள்.

கேந்துவாடிதான் எங்கள் முதல் சபை. அதனால் பெரிய விடைபெறும் கூட்டம் அங்கே. அந்த ஜனங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு யாராவது வந்தால் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவர்கள் காலைக் கழுவுவார்கள். ஊரைவிட்டு ஒரேயடியாகப் போகிறவர்களுக்கும் கழுவுவார்கள். நான் ஒருநாளும் காலைக் காட்டினதில்லை. ஊழியம் செய்ய வந்தவன் காலை நீட்டிக்கொண்டு நிற்கலாமா? அதோடு, எனக்குக் கால்விரல் கொஞ்சம் கோணல். அதை நாலு பேர் பார்ப்பது எனக்குப் பிடிக்காது. அன்றைக்கும் சொம்போடு வரிசையாக நின்றார்கள். நான் ஷூ போட்டிருந்தேன். "நேரம் இல்லை, வாடகை நாற்காலி நாலு மணிக்குத் திரும்பிப் போக வேண்டும்" என்று சொல்லிவிட்டு மேடைக்குப் போய்விட்டேன். எப்சிபா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றாள். ஒவ்வொருத்தியாக வந்து கழுவினார்கள். ஒரு வீடு விடாமல். கால் ஊறி வெளுத்துப்போகும்வரை நின்றாள். எவ்வளவு நேரம் வீண் என்று நினைக்கிறீர்கள்!

பிறகு பரிசு கொண்டுவந்தார்கள். கோழி, பரங்கிக்காய், தேன், உளுந்து, மறுபடி கோழி. உயிரோடு கோழியை ரயிலில் கொண்டுபோக முடியுமா, தம்பி? நீங்களே சொல்லுங்கள். கட்டி வைத்த சாமான் ஒரு கணக்கில் நிற்கிறது. மேற்கொண்டு இதையெல்லாம் எங்கே வைப்பது? அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஆண்டவர் கொடுத்த யோசனை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். எனக்கு வந்ததை நான் எடுத்துக்கொள்ளாமல் காணிக்கையாக்கி, அந்தப் பணத்தை அவர்கள் சபைக்கே விட்டுவிட்டுப் போவது. அதைவிட மரியாதை வேறென்ன இருக்கிறது?

கோழியைத் தூக்கிப் பிடித்தேன். "நல்ல சிவப்புக் கோழி! யார் கேட்கிறீர்கள்?"

சபையின் மூப்பர் பர்னபாஸ் எழுந்தார். "பாஸ்டர்ஜி, அதை உங்களுக்குத்தானே கொடுத்தோம்? எங்களிடமே விற்கிறீர்களா?"

"விற்கவில்லை, ஏலம் விடுகிறேன்" என்றேன்.

பின்னால் ஒரு வாலிபன், "போகிற நேரத்தில் பாஸ்டர்ஜி கடை போட்டுவிட்டார்டா!" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. கோழி கொடுத்த கிழவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இத்தனை வருஷம் சொல்லிக்கொடுத்தும் கொடுக்கிற மனசு வரவில்லையே உங்களுக்கு!" என்று சத்தம் போட்டேன். கோழியைக் கொடுத்தவர்களைப் பார்த்தா அப்படிச் சொன்னீர்கள் என்கிறீர்களா? அது வேறு, இது வேறு. உங்களுக்குச் சபைக் காரியம் தெரியாது.

அடுத்ததாகக் கையில் வந்தது இந்தப் பாய். ஈச்ச ஓலை. சோமாரி என்று ஒருத்தி முடைந்தது. அவள் எப்சிபாவுக்கு ரொம்ப வேண்டியவள். ஒரு மழைக்காலத்தில் எப்சிபாவுக்கு மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது. சோமாரியும் அவள் தம்பிகளும் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் அப்போது நாசரேத்தில் இருந்தேன். மிஷனுக்குக் காணிக்கை சேர்க்கும் கூட்டங்கள். தந்தி வந்தது. பாதியில் விட்டுவிட்டு வர முடியுமா? முடித்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருக்கிறாள். ஆக, நான் அடித்துப் பிடித்து வந்திருந்தாலும் பிரயோஜனம் இருந்திருக்காது. இதை அவளிடம் அன்றைக்கே சொன்னேன். மீதிக் கஞ்சியைக் குடித்தாள்.

ரயிலில் எப்சிபா முதுகு வலியில்லாமல் படுத்துப் போகட்டும் என்று சோமாரி முடைந்த பாய் இது. ரயில் பலகை எத்தனை அகலம், எத்தனை நீளம் என்று என்னிடம்தான் வந்து கேட்டாள். சாணும் விரலுமாகச் சொன்னேன். பாருங்கள், ஒரு விரல் வெளியே நீட்டவில்லை.

அதைத் தூக்கிப் பிடித்ததும் சோமாரி எழுந்துவிட்டாள். "அதை விற்காதீர்கள், பாஸ்டர்ஜி. அது அம்மாவுக்கு" என்றாள்.

"அம்மாவுக்குக் கொடுத்தது ஆண்டவருக்குக் கொடுத்தது மாதிரி. நீ வேண்டுமானால் கேள்" என்றேன்.

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். எனக்கு எத்தனை சந்தோஷம் தெரியுமா? ஒருத்திக்காவது புரிந்துவிட்டதே! தான் கொண்டுவந்ததைத் தானே எடுக்கிறாள், எங்கள் ஊர் மாதிரியே! முடிச்சில் இருந்த காசு அத்தனையையும் விலையாகச் சொன்னாள். ஒரு தரம் என்றேன். இரண்டு தரம் என்றேன். அதற்குள் இந்த ஜெபின் பயல், கூட்டம் இறுகிக்கிடக்கிறதே, தான் எடுத்துவிட்டால் காரியம் முடியும் என்று நினைத்து, கையைத் தூக்கிக் கூடுதல் விலை கேட்டுவிட்டான். கூடக் கேட்டால் கூடக் கேட்டதுதான். சோமாரி முடிச்சை மறுபடி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் மூன்று தரம் சொல்லி முடித்தேன்.

எப்சிபா மேடையிலிருந்து இறங்கிப் போய், சோமாரி பக்கத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்தாள். கால் ஈரம் காயவில்லை. அவ்வளவு கழுவின காலில் மண்ணெல்லாம் ஒட்டிக்கொண்டது.

வீட்டுக்கு வந்துதான் பேசினாள். "அந்தப் பாயை வாங்கிட்டு வாங்க" என்றாள்.

"ஏலத்தில் போனதை எப்படித் திரும்பக் கேட்பது?"

"கையில கொடுத்தது விருந்தாளியோட ஊரைத் தாண்டணும். ஊருக்குள்ளேயே நின்னுட்டுன்னா, போறவங்க கோவிச்சுட்டுப் போறாங்கன்னு அர்த்தம். சோமாரி அழுதுட்டுக் கிடக்கா."

"எனக்கு யாரும் சொல்லவில்லையே."

"வந்த வருஷமே பர்னபாஸ் சொன்னார். நீங்க நாற்காலி எண்ணிட்டு இருந்திய."

கேட்டீர்களா பேச்சை? ஜெபின் காதில் இது விழுந்து, பாயைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். "அங்கிள், நான் சும்மா எடுத்ததாக்கும். ஆன்டி கொண்டுபோகட்டு." நான் வாங்கவில்லை. இனாமாக வாங்கினால் அந்த ஏலம் பொய்யாகிவிடாதா? காணிக்கை விளையாட்டா? எப்சிபா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சண்டை போட்டாலும் பரவாயில்லை. பார்த்துக்கொண்டிருந்தால் நான் எங்கே பார்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டாள். "நான் சோமாரி வீட்டுக்குப் போறேன். நீங்க ராஞ்சிக்குப் போய் வண்டி ஏறுங்க. ரூர்கேலாவுல நான் நிப்பேன்." அவ்வளவுதான். நிற்பேன் என்றால் எதற்கு நிற்பாள்? ஏறத்தான்.

இன்றைக்குக் காலையில் சாவி கொடுக்கும்போது ஜெபினிடம் சொன்னேன்: "நீ எடுத்த விலைக்குமேல் நான் தருகிறேன், பாயை எனக்கு விற்றுவிடு." அவன் பணம் வேண்டாம் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். நான் மேசைமேல் வைத்து, மேலே மைக்கூட்டை வைத்துவிட்டு, எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். முறைப்படி வாங்கியது. யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. எப்சிபா வந்து பலகையில் பாய் விரித்திருப்பதைப் பார்ப்பாள். அதற்குமேல் என்ன வேண்டும் அவளுக்கு? நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பாயே சொல்லிவிடும்.

வேகம் குறைகிறது. ரூர்கேலாவா? புகை தெரிகிறதே, ஆமாம். கொஞ்சம் நகருங்கள், ஜன்னல் பக்கம் வர வேண்டும். பெட்டி எண்ணை அவளிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். சரியாக வந்து நிற்பாள், என்னோடு இத்தனை வருஷம் இருந்தவள்.

அதோ. நான் சொன்னேனா இல்லையா? நீலச்சேலை அவள். பக்கத்தில் குட்டையாக நிற்பவள் சோமாரி. பிளாட்பாரத்துக்கும் சொம்பைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள் பாருங்கள்! வழியனுப்ப வந்திருக்கிறார்கள். எப்சிபா! இங்கே! இந்த ஜன்னல்! பை எங்கே? உன் பை எங்கே?

என்ன? சத்தமாகச் சொல். டீக்காரன் கத்துகிறான்.

இறங்கவா? நானா?

கேட்டீர்களா, தம்பி? என்னை இறங்கச் சொல்கிறாள். பாயோடு இறங்கி வந்து, சோமாரி கையில் அதைக் கொடுத்து, அவள் கொடுக்க மறுபடி வாங்க வேண்டுமாம். இன்றைக்கு ராத்திரி அவள் வீட்டில் சாப்பிட்டுவிட்டு நாளைக்கு இரண்டு பேருமாகப் போகலாமாம். எப்சிபா, பாய் இதோ இருக்கிறது பார்! விலை கொடுத்து வாங்கிவிட்டேன்! ஆமாம், விலை கொடுத்துத்தான்!

ஏன் முகம் அப்படிப் போகிறது இவளுக்கு?

பீரோ பார்சலில் வந்துகொண்டிருக்கிறது, எப்சிபா! வெள்ளிக்கிழமை ஊரில் வரவேற்புக் கூட்டம், நோட்டீஸ் அடித்துவிட்டார்கள்! டிக்கெட் என்ன ஆவது?

'அப்போ பீரோவோட போங்க' என்கிறாள். கட்டின பெண்டாட்டி பேசுகிற பேச்சா இது? இத்தனை ஜனங்கள் நடுவில்?

தான் கேந்துவாடியிலேயே இருந்துகொள்வாளாம். இங்கேயே. நான் இறங்கினால் கூட வருவாளாம், இறங்காவிட்டால் இல்லையாம். என்ன கணக்கு இது?

இறங்கினால் இத்தனை சாமானையும் யார் பார்ப்பது? உங்களை நம்பி விட்டுவிட்டுப் போக முடியுமா? தப்பாக நினைக்காதீர்கள், நீங்கள் யாரோ நான் யாரோ. அதோடு அந்தச் சொம்பு. பிளாட்பாரத்தில், இத்தனை பேர் பார்க்க, ஷூவைக் கழற்றிவிட்டு... இல்லை. அதெல்லாம் என்னால் ஆகாது.

பாய் ஜன்னல் கம்பிக்குள் போகாது. தம்பி, ஒரு உதவி. இதைச் சுருட்டித் தருகிறேன். நீங்கள் இறங்கிப் போய் அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். கொடுத்தால் கொடுத்ததுதானே, யார் கையால் கொடுத்தால் என்ன? நான் இங்கே சாமானைப் பார்த்துக்கொள்கிறேன். ஓடுங்கள், சிக்னல் விழப்போகிறது. ஓரத்தைப் பிடித்துத் தூக்காதீர்கள், பின்னல் விட்டுப்போகும்.

எப்சிபா! ஆள் வருகிறார்! அவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்! நீ அவரோடேயே ஏறி வந்துவிடு! எப்சிபா!

கூட்டம் மறைக்கிறது. ஒன்றும் தெரியவில்லை. ஒரு மூட்டைக்காரன் வந்து நிற்கிறான் ஜன்னலுக்கு நேராக. ஏய், நகரப்பா. ஹட்டோ, ஹட்டோ.

கிளம்பிவிட்டதே.

நகர்கிறதே வண்டி.

வாருங்கள். மூச்சு வாங்காமல் சொல்லுங்கள். ஏறினாளா? பின்னால் வருகிறாளா? வேறு பெட்டியில் ஏறியிருப்பாள். ரோஷக்காரி, அடுத்த ஸ்டேஷனில் மாறி வருவாள்.

ஏறவில்லையா.

சரி. என்ன சொன்னாள்? எனக்கென்று ஒன்றும் சொல்லவில்லையா? ஒரு சொல்கூடவா? என் பிரஷர் மாத்திரை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்றாவது...

ஏன் தம்பி, பாயைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறீர்கள்? கொடுக்கச் சொல்லித்தானே அனுப்பினேன்?

உங்கள் கால் ஏன் ஈரமாக இருக்கிறது?

சோமாரியா?

இரண்டு காலையுமா?

எப்சிபா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாளா? அவள்தான் சொம்பைச் சாய்த்துத் தண்ணீர் ஊற்றினாளா? பிறகு பாயை உங்கள் கையில் கொடுத்து... உங்களுக்குத்தான் என்று சொல்லியா கொடுத்தார்கள்? எனக்குக் கொடுத்தனுப்பியிருப்பார்கள், அவர்கள் பாஷை உங்களுக்குப் புரிந்திருக்காது. எப்சிபா தமிழில் சொன்னாளா?

அப்படியா.

நிற்காதீர்கள், தம்பி. உட்காருங்கள். அங்கே இல்லை, அது பெட்டி. இந்தப் பலகையில் உட்காருங்கள். காலை டிரங்கின்மேல் வைக்காதீர்கள், துருப் பிடிக்கும். பாயை விரித்துக்கொள்ளுங்கள், உங்கள் பாய்தானே. அந்தப் பக்கம் இழுங்கள். இன்னும் கொஞ்சம். போதும்.

சரியாக இருக்கும். அளவு நான் சொன்னது.